ரியோஹா வைன் வாங்கும் முன்

ஸ்பெயினின் ரியோஹா வைன் பகுதியில் இருக்கும் லொக்ரோஞோ நகரத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கூட வேலை செய்பவர் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறார். ஒரு ரியோஹா சிவப்பு வைன் வாங்கிப்போகலாமா, கடையில் வரிசை வரிசையாக நிற்கிறதே, எதை எடுப்பது, எந்தச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

தாராளமாக வாங்கிப்போங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் என்ன சமைக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். இந்த ஊரில் அப்படிக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிட மாட்டீர்கள் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

கடையில் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சின்னதாக ஒரு முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு சிவப்பு என்றால் கிரியான்சா: குறைந்தது 2 வருடம் வைத்திருந்தது, அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். கருஞ்சிவப்பு ரெசெர்வா, 3 வருடம். நீலம் கிரான் ரெசெர்வா, 5 வருடம். பச்சைச் சீட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. பெரும்பாலும் இளம் வைன்தான் அதில் வரும். பழைய வைன் என்றால் உசத்தி என்று நினைத்து நீலத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கிரியான்சா போதும். இங்கே மதுக்கடைகளில் சாதாரணமாகக் கேட்டு வாங்குவதும் அதைத்தான்.

ஆட்டுக்குட்டி விலா என்றால் உங்களுக்கு யோகம். குளிர்காலத்தில் திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்யும்போது விழும் குச்சிகளைக் கட்டிக் காயவைத்திருப்பார்கள். அதை எரித்து, தணலில் சின்னச் சின்ன விலாத் துண்டுகளை வாட்டுவார்கள். உப்பைத் தவிர மசாலா கிடையாது. நமக்கு முதலில் சப்பென்று தோன்றலாம், ஆனால் அந்தக் கொழுப்பும் புகைவாசமும் ரியோஹா சிவப்பு வைனின் முக்கியத் திராட்சையான டெம்ப்ரானியோவின் துவர்ப்போடு சேரும்போது மசாலா நினைப்பே வராது. இதற்கு ரெசெர்வா எடுத்துப்போனாலும் வீணாகாது.

உருளைக்கிழங்கும் சோரிசோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும் போட்ட குழம்பென்றால் கிரியான்சாதான். கிழங்கைக் கத்தியால் முழுக்க வெட்டாமல் பாதி வெட்டிப் பிய்த்துப் போடுவார்கள். அப்போதுதான் மாவுச்சத்து இறங்கிக் குழம்பு கெட்டியாகும். சைவம் கேட்டால் காய்கறிக் கலவை, சுட்டு உரித்த சிவப்புக் குடைமிளகாய், காளான் என்று ஏதாவது செய்வார்கள். அதற்குப் பச்சைச் சீட்டு போதும்.

அவர்களைத் திருப்பி உங்கள் வீட்டுக்கு அழைக்கும் நாள் வரும். அன்றைக்குக் காரக்குழம்போடு ரெசெர்வாவைத் திறக்காதீர்கள். மிளகாய்க் காரம் வைனின் துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் கூட்டிவிடும். நல்ல வைனும் வாயில் கட்டைபோல ஆகிவிடும். ரியோஹாவின் ஒரு பகுதியான அலவேசா பக்கம் திராட்சையைக் குலையோடு போட்டுப் புளிக்கவைக்கும் இளம் வைன் கிடைக்கிறது. பழவாசம் தூக்கல், துவர்ப்பு குறைவு. லேசாகக் குளிரவைத்து ஊற்றினால் மிளகுக் கோழிக்குக்கூடத் தாங்கும். வெயில் காலத்தில் மற்ற சிவப்பு வைனையும் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

நீங்கள் கொண்டுபோன பாட்டிலை அழைத்தவர்கள் அன்றே திறக்காமல் அலமாரியில் வைத்துவிடலாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சாப்பாட்டுக்கு என்று அவர்கள் ஏற்கெனவே ஒன்றை எடுத்து வைத்திருப்பார்கள்.

குடிக்கும் பழக்கம் இல்லையென்றாலும் சங்கடம் வேண்டாம். மோஸ்தோ என்று கேளுங்கள், புளிக்காத திராட்சைச் சாறு. லொக்ரோஞோவில் மதுக்கடைகள் வரிசையாக இருக்கும் லாவுரெல் தெருவில் கடைக்குக் கடை நின்று ஒரு வாய் தின்று நகரும்போதும் அதைக் கையில் வைத்திருந்தால் ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் ஒன்று: மதியம் என்றால் இங்கே 2 மணிக்கு மேல்தான். பசியோடு 12 மணிக்கே போய் நிற்காதீர்கள்.