மாண்டானாவில் ஒரு பழைய மாட்டுப் பண்ணையும் அம்மா கேட்ட கேள்வியும்

கேள்வி: அமெரிக்காவில் பழைய கால மாட்டுப் பண்ணைகளை வீடு, கொட்டகை, மாடு குதிரையோடு அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களாமே, யாராவது போயிருக்கிறீர்களா? ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போகலாம். எங்கள் அம்மா அமெரிக்காவில் பார்த்த இடங்களில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான். யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்றுகளைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பியவர், மாட்டுப் பண்ணையில் ஒன்றரை நாள் சுற்றினார்.

நாங்கள் போனது மாண்டானா மாநிலத்தில் டியர் லாட்ஜ் என்கிற சிற்றூரில் இருக்கும் கிராண்ட்-கோர்ஸ் பண்ணை. யெல்லோஸ்டோனிலிருந்து கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் வரும். தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. இன்றும் அங்கே மாடு மேய்கிறது, தீனிக்குப் புல் அறுத்துக் காயவைக்கிறார்கள், வேலைக்குப் பெரிய இழுவைக் குதிரைகள் நிற்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த கலப்பையை வைத்துப் பெயர் எழுதி ஒட்டும் அருங்காட்சியகம் இல்லை.

முதல் நாள் வீட்டுக்குள் போக முடியவில்லை. தவறு எங்களுடையதுதான். வழியில் சாவகாசமாகப் புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, வழிகாட்டியோடு வீட்டைப் பார்க்கும் கடைசிச் சுற்றுக்கு ஆள் நிரம்பியிருந்தது. சரி, வெளியே சுற்றிப் பார்க்கலாம் என்று நடந்தோம். அங்கேதான் அம்மா, எங்களுக்குச் சுற்றிக் காட்டிய பூங்காக் காவலர் சீருடைப் பெண்ணைக் காட்டி, "ஏஞ்சாமி, இந்த ஊர்ல ஆறு மாசம் பனி கெடக்குமுன்னு சொல்ற. மாட்டுக்கு என்னத்தப் போட்டாங்கன்னு அந்தப் பிள்ளையக் கேளு" என்றார். மொழிபெயர்த்துக் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "ஆரம்பத்தில் ஒன்றுமே போடவில்லை" என்றார். அம்மா நம்பவில்லை.

அம்மா பிறந்தது காங்கேயம் பக்கம். அங்கே கிளுவை முள்வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மேயவிட்டு, கோடைக்குச் சோளத்தட்டைப் போர் போட்டு வைத்து வளர்ப்பதுதான் மாடு. வேலியும் இல்லை, தீனியும் இல்லை, பண்ணை மட்டும் இருந்தது என்றால் அவருக்கு எப்படிப் புரியும்?

ஆனால் நிஜமாகவே அப்படித்தான் நடந்தது. பண்ணையைத் தொடங்கியவர் ஜானி கிராண்ட். கனடாவில் பிறந்தவர், ஐரோப்பியரும் பூர்வகுடியும் கலந்த வம்சம், தோல் வியாபாரி. மேற்கே ஆரிகானுக்கு மாட்டு வண்டியில் குடிபெயர்ந்து போனவர்களின் மாடுகள் நடந்து நடந்து ஓய்ந்து போயிருக்கும். அப்படி ஓய்ந்த இரண்டு மாட்டை வாங்கிக்கொண்டு கொழுத்த மாடு ஒன்றைக் கொடுப்பார். ஓய்ந்தவை பள்ளத்தாக்கில் மேய்ந்து தேறிவிடும், அடுத்த வருடம் அவற்றைக் கொண்டு இதே வியாபாரம். 1862இல் அவர் கட்டிய இரண்டு மாடி மர வீடுதான் இன்று நாம் பார்ப்பது. 1866இல் பண்ணையை 19,200 டாலருக்கு கான்ராட் கோர்ஸ் என்பவரிடம் விற்றார். கோர்ஸ் ஜெர்மானியர். தங்கம் தேடி வந்தவர், கறிக்கடையில் மாதச் சம்பளத்துக்கு நின்றார். சுரங்கத்தில் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுகிறவன் கறி தின்றாக வேண்டும் என்பதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்.

அவருடைய மாடுகள் நான்கு மாநிலங்களிலும் கனடாவிலுமாக மேய்ந்த பரப்பு உச்சத்தில் சுமார் ஒரு கோடி ஏக்கர் என்கிறார்கள். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதில் பெரும்பகுதி அவருக்குச் சொந்தமில்லை, பொது நிலம். மாட்டுக்கு சி.கே. என்று சூடு போட்டு அவிழ்த்துவிடுவார்கள். அதுவே மேயும், அதுவே ஈனும், பனியைக் குளம்பால் கிளறி அடியில் காய்ந்த புல்லைத் தின்னும். இலையுதிர் காலத்தில் ஆள் அனுப்பி வளைத்து, சிகாகோ சந்தைக்கு ரயிலேற்றுவார்கள். அந்தப் புல் யாருடையது என்பதுதான் சங்கடமான கேள்வி. காட்டெருமைக் கூட்டங்களைச் சுட்டுத் தீர்த்து, பூர்வகுடிகளை ஒதுக்கிடங்களுக்கு விரட்டியதால் காலியான புல்வெளி அது. ஜானி கிராண்டின் மனைவியரும் பூர்வகுடிப் பெண்கள்தான். நாங்கள் கேட்ட சுற்றில் அவர்களைப் பற்றி இரண்டு வாக்கியம் வந்தது, வரவேற்பறை நாற்காலிகளைப் பற்றி இருபது வந்தது.

1886ஆம் ஆண்டுக் கோடை வறண்டது. அளவுக்கு மீறி மாடு விட்டிருந்ததால் புல்லும் தேய்ந்து போயிருந்தது. குளிர்காலம் முன்கூட்டியே வந்தது. நடுவில் ஒருமுறை வெதுவெதுப்பான காற்று வீசிப் பனியின் மேற்பரப்பை உருக்கியது. மறுபடி குளிர் அடித்ததும் அது பாறை மாதிரி இறுகிவிட்டது. குளம்பால் உடைக்க முடியவில்லை. கீழே புல் இருக்கிறது, எட்டவில்லை. 1887 வசந்தத்தில் ஓடைப் பள்ளங்களெல்லாம் செத்த மாடு. மாண்டானாவில் மாடு வளர்த்த பலர் அதோடு தொழிலை விட்டுப் போனார்கள். கோர்ஸ் தப்பித்ததற்குக் காரணம், பியூட் நகர வங்கியாளர் ஒருவர் அடமானம் எதுவும் கேட்காமல் கொடுத்த 1,00,000 டாலர் கடன்.

அதற்குப் பிறகுதான் வேலி, புல்வயல், காய்ந்த புல் போர். அந்தப் பெண் கை காட்டிய திசையில் சறுக்குமரம் போல ஒரு பெரிய மரச் சட்டம் நின்றது. 'பீவர்ஸ்லைடு' என்கிறார்கள். 1900களின் தொடக்கத்தில் மாண்டானாவின் பிக் ஹோல் பள்ளத்தாக்கில் உருவான, புல்லைப் போராகக் குவிக்கும் கருவி. காய்ந்த புல்லைக் குதிரை பூட்டிய வாரியால் அள்ளிக்கொண்டு வந்து அடியில் குவிக்கிறார்கள். இன்னொரு ஜோடிக் குதிரை வடத்தை இழுக்க, கப்பி வழியாகப் புல் சரிவில் ஏறி உச்சியிலிருந்து அந்தப் பக்கம் விழுகிறது. மேலே நிற்பவர்கள் மிதித்துப் பரப்புகிறார்கள். வெட்டாத முழு ரொட்டி மாதிரி இருபது டன்னுக்கும் மேலான போர் ஒன்று எழுந்துவிடும். அம்மா கீழே கிடந்த ஒரு பிடிப் புல்லை எடுத்து முறுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "நல்லாக் காஞ்சிருக்கு. ஆனா நம்ம போர் மாதிரி கூம்பா முடிச்சிருந்தா மழத்தண்ணி உள்ள எறங்காது" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண், இங்கே மழையைவிடப் பனிதான் அதிகம் என்றார். இருவரும் ஆளுக்கொரு மொழியில் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் தேடவில்லை.

உயிருள்ள வரலாறு என்று இவர்கள் சொல்வது இதைத்தான். கோடையில் பட்டறையில் கொல்லர் வேலை நடக்கும். கௌபாய்களோடு கூடவே போகும் சமையல் வண்டியைத் திறந்து வைத்து, கரியடுப்பில் காய்ச்சிய கருப்புக் காப்பி கொடுப்பார்கள். காப்பி படுமோசம். என் பையன் மரக் கன்றுக்குட்டியின் கழுத்தில் சுருக்குக் கயிறு வீசப் பழகினான், நாற்பது தடவைக்கு இரண்டு விழுந்தது.

மறுநாள் காலை வீட்டுக்குள் போனோம். கோர்ஸின் மனைவி அகஸ்டா 1868இல் வந்தபோது வயது 19. கரடுமுரடான மர வீட்டுக்கு வந்தவர், மெத்தை நாற்காலி, சீனத் தட்டு, தரைவிரிப்பு என்று நிறைத்துவிட்டார். 1890இல் பின்பக்கம் செங்கல்லில் ஒரு பெரிய பகுதி சேர்த்தார்கள். பின்னால் கூலி கௌபாய்கள் தங்கிய நீளக் கொட்டகை, கட்டிலும் அடுப்பும் சீட்டாட்ட மேசையும் மட்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அகஸ்டா 96 வயதுவரை வாழ்ந்து 1945இல் காலமானார். பேரன் கான் வாரன் எதையும் தூக்கிப் போடாத மனிதர். 1972இல் பண்ணை தேசிய வரலாற்றுத் தலமானபோது நாற்காலியிலிருந்து சேணம்வரை எல்லாம் இருந்தன. அதனால்தான் இந்த வீடு கடையில் வாங்கி அலங்கரித்தது போல இல்லை.

பெற்றோரோடு போவதென்றால்: காலையிலேயே போய் வீட்டுச் சுற்றுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். வரவேற்பகத்திலிருந்து வீட்டுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், நிழல் குறைவு, தொப்பி கட்டாயம். வேலி மேல் கை வைத்துக் குதிரையைத் தடவப் போகாதீர்கள், கடிக்கும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மா தடவினார், கடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால்தான் கொல்லரும் சமையல் வண்டியும் இருக்கும். புல் அறுப்பும் பார்க்க வேண்டுமென்றால் ஜூலைக் கடைசி நல்லது. ஆற்றோரம் நடந்தால் கொசு பிடுங்கும், மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிக்கு வேறு வழி பாருங்கள்.