ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம்

கேள்வி: முதல்முறையாக ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறேன். நெக்குக்கு (கிட்டாரின் கழுத்துக்கு) மஹாகனிக் கட்டை வாங்கி, டிரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே வைக்கும் உலோகத் தண்டு) உட்காரும் காடியும் எடுத்துவிட்டேன். ஃபிரெட்போர்டு, அதாவது விரலால் கம்பியை அமுக்கும் பலகை, ஒட்டவேண்டிய முகத்தை, மரத்துண்டில் உப்புத்தாள் சுற்றி இரண்டு நாள் தேய்த்தேன். ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் நடுவில் உட்காருகிறது. இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிகிறது. கிளாம்ப் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும், மிச்சத்தை டிரஸ் ராட் பார்த்துக்கொள்ளும் என்கிறார் நண்பர். ஒட்டலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒட்டாதீர்கள். முதலில் அந்த ஸ்கேலையே சந்தேகப்படுங்கள். ஒரு தாளில் அதை வைத்துக் கோடு போட்டு, புரட்டி வைத்து அதே விளிம்பால் மறுபடி கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் ஸ்கேல் நேர்.

நேர்தான் என்றால், மேடு நீங்கள் உண்டாக்கியது. கையால் தேய்க்கும்போது முனைக்குப் போனதும் மரத்துண்டில் பாதி வெளியே தொங்கும், அமுக்கம் முழுக்க விளிம்பில் இறங்கும். முனை தேயும், நடு நிற்கும். எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும்.

நண்பர் சொல்வது தலைகீழ். சாதாரண 10 செட் (மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம்) கம்பி போட்டால் ஏறக்குறைய 45 கிலோ இழுவை. அது நெக்கின் நடுவைப் பள்ளமாக்கும். அதை எதிர்க்கத்தான் ராட். ஒரு திசையில் மட்டும் வளைக்கும் ஒருபக்க ராடை இறுக்க இறுக்க நடு இன்னும் மேடாகும். இரு திசையிலும் வளைக்கும் இருபக்க ராட் கொஞ்சம் உதவும்தான், ஆனால் கம்பி போடும் முன்னாலேயே அதன் பாதியைச் செலவழித்துவிடுவீர்கள். கிளாம்பில் இறுக்கினாலோ ஃபிரெட்போர்டு அந்த மேட்டோடு சேர்ந்து வளைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அதன் நடுவை இழைத்தால் ஃபிரெட் கம்பிகள் (குறுக்கே பதிக்கும் உலோகத் துண்டுகள்) இறங்கும் காடியின் ஆழம் போய்விடும்.

சரி, வழி. மேட்டை அப்படியே உப்புத்தாள் ஒட்டிய கண்ணாடிமேல் வைத்துத் தேய்க்காதீர்கள், தொட்டில் மாதிரி ஆடும். ஆடிக்கொண்டே தேய்ந்தால் மேடு மேடாகவே இருக்கும். நன்றாகத் தீட்டிய இழைப்புளியால் நடுவில் மட்டும் மெல்லிய சுருளாக நாலைந்து எடுங்கள். ஸ்கேலின் இரு முனையும் மரத்தைத் தொட்டு, நடுவில் மயிரிழை வெளிச்சம் வரட்டும். பள்ளம் ஆடாது, முனைகளில் ஊன்றி நிற்கும். அப்புறம் 12 மி.மீ. கண்ணாடி, அல்லது கிரானைட் கடையில் மீந்த துண்டு. நெக்கைவிட நீளமாக இருக்கட்டும். மெல்லிய கண்ணாடி மேஜையோடு சேர்ந்து தொய்யும், வேண்டாம். அதன்மேல் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, முகம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு, நெக்கை அமுக்காமல் அதன் கனத்திலேயே நீளவாக்கில் ஓட்டுங்கள். கிறுக்கல் முதலில் இரு முனையிலும் அழியும். மெதுவாக நடுவை நோக்கி நகரும். நடுவில் கடைசிக் கோடு அழிந்ததும் நிறுத்துங்கள். ஸ்கேலுக்கு அடியில் ஏ4 தாள் எங்கும் நுழையக்கூடாது. பைக் மெக்கானிக்கிடம் ஃபீலர் கேஜ் கிடைத்தால் 0.05 மி.மீ. தகடும் நுழையக்கூடாது.

முறுக்கையும் பாருங்கள். இரண்டு முனையிலும் குறுக்கே ஒவ்வோர் அலுமினிய ஆங்கிள் வைத்து, ஒரு கண்ணை மூடி இதன் மேல்விளிம்பு வழியாக அதன் மேல்விளிம்பைப் பாருங்கள்; இரண்டும் இணையாகத் தெரியவேண்டும். கதவுச் சட்டங்களை என் அப்பா இப்படித்தான் பார்ப்பார். முறுக்கிய நெக்கை எந்த ராடும் திருத்தாது.

நீங்கள் காடியை முதலிலேயே எடுத்தது நல்லது. என் முதல் நெக்கில் நான் முகத்தைச் சமப்படுத்திய பிறகு காடி எடுத்தேன். சென்னையில் நவம்பர் மழை. இரண்டு நாள் கழித்து ஸ்கேல் வைத்துப் பார்க்காமலே ஒட்டினேன். மரத்தைக் குடைந்தால் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் அவிழும், ஈரம் வேறு ஏறியிருக்கும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. பட்டறைக் கதவுக்கு இன்றும் முட்டுக்கொடுப்பது அந்த நெக்தான்.

ஆகவே கடைசித் தேய்ப்பும் ஒட்டுவதும் ஒரே நாளில் நடக்கட்டும். மரப்பசையில் தண்ணீர் உண்டு, அது மரத்தை ஊதவைக்கும்; மெல்லிசாகத் தடவுங்கள். நெக் அகலத்துக்கு ஒரு நேர்ப்பலகையை மேலே வைத்துக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள். பசை தடவும் முன் காடிமேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, தடவியதும் உரித்துவிடுங்கள். உரிக்க மறந்து ஒட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் இந்த வருடமே இரண்டு பேர்.