நூல் பெட்டிச் சாவியை முதல்ல கொடுங்க

அக்கா, மண்டபம் ஊர்ல 20 பேர் சேர்ந்து நடத்துற எம்பிராய்டரி குழுவுல எல்லா வேலையும் உங்க தலையிலதான், கேட்டா "நீங்களே பாத்துக்கங்க"ன்னு நழுவிடுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. கீழக்கரையில நானும் இப்படித் தவிச்சவதான்.

பொதுவா கேட்டா யாரும் வரமாட்டாங்க. ஒரு ஆளு, ஒரு சின்ன வேலை, முடியுற தேதி, இப்படிக் கேளுங்க. வாயே திறக்காத ஒரு தங்கச்சிகிட்ட மூணு மாசத்துக்குன்னு நூல் பெட்டிச் சாவியைக் கொடுத்தேன். உப்புக்காத்துல ஊசி துருப்பிடிச்சு, துணியில குத்தி வச்ச இடமெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்துட்டு இருந்த நேரம். அவ பவுடர் போட்ட டப்பாவுல ஊசிகளைப் போட்டு மூடி வச்சா. தையலை நிறுத்தினா ஊசியை உருவிடணும்னு எல்லாரையும் பழக்கியும் விட்டா. நான் எத்தனையோ தடவை சொல்லி நடக்காத விஷயம் அது.

கொடுத்த வேலையில மட்டும் கை வைக்காதீங்க. இன்னொருத்தங்க அடுக்கின நூலை நான் நிறவாரியா மாத்தி அடுக்கினேன். மறுவாரம் அவங்க வரல. இன்னும் மனசு உறுத்துது.

பணக்கணக்குக்கு ரெண்டு பேர் கையெழுத்து வைங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகை நம்பின வீடுகள்ல அப்போ சந்தா கேக்காதீங்க அக்கா.