போத்தலுக்குள் பாசிக் கம்பளம்: கொழும்பு வெக்கையில் ஏன் மண்ணிறமாகிறது?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. நுவரெலியாவில் உறவினர் தோட்டத்தில் எடுத்த கம்பளப் பாசியை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் பரப்பி, வடக்கு யன்னலோரம் வைத்தேன். 3 வாரம் பச்சைப் பசேலென்று இருந்தது. இப்போது நடுவில் மண்ணிறம், ஓரத்தில் பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சணம். நாள்தோறும் தண்ணீர் தெளிக்கிறேன். போதவில்லையா?

பதில்: தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள். மூடிய போத்தலுக்குள் தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். நாள்தோறும் ஊற்றினால் அடியில் தேங்கி அழுகும். அதைவிடப் பெரிய காரணம் இரவு வெக்கை. நுவரெலியாவில் இரவில் 10, 12 பாகை செல்சியசுக்கு இறங்கும். கொழும்பில் பெரும்பாலான மாதங்களில் 24, 25 பாகையிலேயே நின்றுவிடும். பகலில் ஒளித்தொகுப்பால் சேர்த்த உணவை, ஈரமாயிருக்கும் மலைநாட்டுப் பாசி அந்த வெக்கையில் சுவாசித்தே தீர்த்துவிடுகிறது. கையிருப்பு உள்ளவரை பச்சையாக நிற்கும். பிறகு திடீரென்று மண்ணிறமாகும். உங்கள் 3 வாரக் கணக்கு இதுதான். செத்த பகுதியில் பூஞ்சணம் பிறகு வந்து குடியேறியது. மண்ணிறமான துண்டுகளை வெட்டி எறிந்து, மூடியை 2 நாள் திறந்து வையுங்கள்.

இனி வெக்கை தாங்கும் பாசிக்கு மாறுங்கள். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஜாவா மொஸ் நீருக்கு வெளியே ஈர மண்ணிலும் படரும். கொழும்பு வீட்டு முற்றத்தில் நிழலான செங்கல் ஓரத்தில் படரும் பாசியும் நல்லது. ஒரு நுள்ளு எடுத்துப் பாருங்கள்: தண்டுகள் கிடையாகப் பின்னிப் பாய்போல உரிந்து வந்தால் கம்பளமாகும், குட்டித் தூரிகைபோல நிமிர்ந்து நின்றால் மேடாகத்தான் வளரும், படராது. பாதுகாக்கப்பட்ட காடுகளில் பாசி எடுப்பது சட்டவிரோதம். பொதி செய்து விற்கும் அலங்காரப் பாசியை வெதுவெதுப்பான நீரில் இட்டுப் பாருங்கள். பச்சைச் சாயம் கரைந்தால் அது உயிரற்றது.

பாசிக்கு உண்மையான வேர் இல்லை. வேர்ப்போலிகளால் பற்றிக்கொண்டு, நீரை இலையாலேயே உறிஞ்சும். ஆகவே மண் சத்தாக இருக்கத் தேவையில்லை. கொம்போஸ்ட் போட்டால் பூஞ்சணத்துக்கும் அல்காவுக்கும்தான் விருந்து. மோர், யோகட் அடித்துப் பூசும் யோசனையும் மூடிய போத்தலுக்கு ஆகாது. 20 சென்ரிமீற்றர் அகலப் போத்தலுக்கு அடியில் 2 சென்ரிமீற்றர் செங்கல் நொறுக்கு, அதன்மேல் நுளம்புவலைத் துண்டு. அதற்குமேல் 4 சென்ரிமீற்றருக்குத் தும்புத்தூள் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, சிரட்டைக்கரித் தூள் அரைப்பங்கு. தும்புத்தூளை 3, 4 தண்ணீரில் அலசுங்கள். அதில் உப்பு இருக்கலாம். பாசியின் நுனி கருக அதுவே போதும். கலவையைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி சொட்டவேண்டும், அதற்குமேல் ஈரம் வேண்டாம்.

பாசியைக் கழுவி, அடியிலுள்ள பழைய மண்ணைக் கத்தரித்து, சிறு நத்தை இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: கீழே காற்றிடைவெளி இருந்தால் பாசி தூக்கி நின்று காயும். பச்சை ஈர்க்கை 3 சென்ரிமீற்றருக்கு ஒடித்து, சுடுநீரில் போட்டெடுத்து, கொண்டை ஊசிபோல வளைத்துக் குத்தினால் பிடித்து நிற்கும். 4 வாரத்தில் உருவிவிடலாம். பாசி குறைவாக இருந்தால் அரைச் சென்ரிமீற்றராக நறுக்கித் தூவி அழுத்துங்கள்; மூடிப் பிடிக்க 2, 3 மாதம் செல்லும்.

மூடியின் கீழ் ஒரு தீக்குச்சியை வையுங்கள். அந்த இடைவெளியால் வெக்கை வெளியேறும், ஈரம் முழுதாகப் போகாது. காலையில் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மெல்லிய பனிபோலப் படிந்து, மதியத்துக்குள் தெளிந்தால் சரியான ஈரம். நாள் முழுக்க வழிந்தால் மூடியை எடுங்கள். ஒன்றுமே படியாவிட்டால் மட்டும் தெளியுங்கள். ஏசி அறையென்றால் போத்தல் குளிராக இருக்கும், ஆனால் காற்று வறண்டது. மூடியை முழுதாகப் போடுங்கள். தெளிக்க மழைநீரே சிறந்தது. கடலோரக் கிணற்று நீரில் உப்பு இருக்கும், ஆகாது. குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள்.

அடுத்தது யன்னல். வடக்கு யன்னலில் நேர்வெயில் படாது என்பது குளிர்நாட்டு ஆலோசனை. கொழும்பில் ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டெம்பர் முற்பகுதிவரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். காலை, மாலை வெயில் சாய்வாக உள்ளே வரும். மூடிய கண்ணாடிக்குள் அரைமணி வெயில் பட்டாலே பாசி வெந்துவிடும். யன்னலிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி வைத்து, 5 வாட் வெள்ளை எல்ஈடி விளக்கை 25 சென்ரிமீற்றர் உயரத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம் எரியவிடுங்கள். தண்டு வெளிறி நீண்டால் ஒளி போதவில்லை, விளக்கைச் சற்று இறக்குங்கள்.

வெள்ளையாகக் குட்டிப் பூச்சிகள் துள்ளினால் பதறி மருந்தடிக்க வேண்டாம். அவை பூஞ்சணத்தையும் மக்கியதையும் தின்பவை. உங்கள் போத்தலுக்கு நல்லவை.