காட்டுத்தீப் புகையில் கஞ்சா பண்ணை வேலை: ஆஸ்துமா உள்ளவர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். என் மகன் திருமணத்திற்குப் பின் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் வடபகுதியில் குடியேறி, அரசு உரிமம் பெற்ற ஒரு கஞ்சா பண்ணையில் வேலை பார்க்கிறான். சிறு வயதில் அவனுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருந்தது. இப்போது அங்கே காட்டுத்தீப் புகை சூழ்ந்து, செடிகளின்மேல் சாம்பல் விழுகிறது. அறுவடை நேரம் என்பதால் நாள் முழுவதும் வெளியில் நின்று, இயந்திரத்தால் சாம்பலை ஊதி அகற்றுகிறார்களாம். துணி முகக்கவசம்தான் அணிகிறான். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. மிளகுப் பால் குடித்தால் நெஞ்சு சுத்தமாகும் என்று சொல்லியிருக்கிறேன். சாம்பல் படிந்த அந்தச் செடியைப் பிறகு பயன்படுத்துவோருக்கும் கேடு உண்டா?

பதில்: அம்மா, உங்கள் மகன் முதலில் மாற்ற வேண்டியது முகக்கவசத்தை. புகையில் நமக்குப் பெருங்கேடு விளைவிப்பவை பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்துகள்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இவை. துணியின் இழைகளுக்கு இடையே எளிதில் புகுந்து, நுரையீரலின் கடைசி காற்றறைகள் வரை சென்று படிகின்றன. என்95 முகக்கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால் இத்துகள்களில் 95 விழுக்காட்டையாவது தடுக்கும். தாடி வைத்திருந்தால் அந்தப் பொருத்தம் கெட்டு, காற்று ஓரங்களின் வழியே உள்ளே வந்துவிடும். புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை அது தடுக்காது என்பதால், முகக்கவசம் இருக்கிறதே என்று புகைக்குள் நீண்ட நேரம் நிற்பதும் சரியன்று.

வேலையின் கடுமையும் கணக்கில் வர வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருப்பவர் நிமிடத்திற்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். கிளைகளை வெட்டிச் சுமப்பவர் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுப்பார். வீட்டுக்குள் இருக்கும் மனைவிக்கும் வயலில் இருக்கும் மகனுக்கும் வெளிக்காற்று ஒன்றேயானாலும், உள்ளே போகும் அளவு ஒன்றாகாது. கலிஃபோர்னியாவில் 2019 முதல் நடைமுறையில் உள்ள தொழில் பாதுகாப்பு விதியின்படி, பி.எம். 2.5 துகள்களுக்கான காற்றுத் தரக் குறியீடு 151ஐத் தொட்டால், வெளிவேலை செய்வோரின் புகைப் பாதிப்பைக் குறைக்க முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும். என்95 முகக்கவசமும் தர வேண்டும். குறியீடு 500ஐத் தாண்டினால் அதை அணிவது கட்டாயம். உங்கள் மகன் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, அது அவருடைய உரிமை. அங்குள்ள குறியீட்டின் அளவுகோலும் நம் நாட்டுக் குறியீட்டின் அளவுகோலும் வேறு என்பதால், 2019 புகைமூட்டத்தின்போது பினாங்கில் நாம் பார்த்த எண்களோடு அவர் சொல்லும் எண்ணை ஒப்பிட்டு நீங்கள் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

சிறு வயதில் இழுப்பு இருந்தவர்களில் பலருக்கு இளமையில் அது அடங்கியிருந்து, புகையோ தூசியோ மிகும்போது மறுபடியும் தலைகாட்டும். இவருக்குத் தூண்டுதல் புகை மட்டுமன்று, செடியே இன்னொன்றாகலாம். கஞ்சாச் செடியின் தூசியால் தொழில்வழி ஆஸ்துமா வருவது மருத்துவ உலகம் அறிந்த ஒன்று. 2022 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கஞ்சாவை அரைக்கும் கூடத்தில் வேலை செய்த 27 வயதுப் பெண் ஒருவர் இத்தகைய ஆஸ்துமாவால் உயிரிழந்தார். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை; மகனிடம் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வதற்காக எழுதுகிறேன். வேலை நாட்களில் இருமல், நெஞ்சு இறுக்கம், மூக்கில் நீர் வடிதல் ஆகியவை கூடி, விடுமுறையில் குறைகின்றனவா? ஆம் என்றால், புகை கலைந்த பிறகும், பூக்களைக் கத்தரித்து உலர்த்தும் அறைக்குள் அவருக்குத் தொல்லை தொடரும். அவர் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து, தம் தொழிலை மறைக்காமல் சொல்லி, நுரையீரலின் மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மூச்சு முட்டும்போது மட்டும் சல்புட்டாமால் இன்ஹேலரை (அங்கே அல்புட்டெரோல் என்பார்கள்) அடித்துச் சமாளிக்கும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். அது சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரிக்குமே தவிர, குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சியைக் குறைக்காது. அழற்சியைக் குறைப்பது ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு நீங்களே அவரைத் தடுத்துவிட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இனி சாம்பல். அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கி வளர்ந்த நமக்குச் சாம்பல் தூய பொருளாகவே தோன்றும். காட்டோடு வீடுகளும் வாகனங்களும் எரிந்த இடத்திலிருந்து பறந்து வரும் சாம்பலில் ஈயம், ஆர்செனிக் போன்ற உலோகங்களும், பழைய கட்டடங்களின் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளும் இருக்கக்கூடும். ஈரமான சாம்பல் காரத்தன்மை உடையது. தோலையும் கண்ணையும் அரிக்கும். இயந்திரத்தால் ஊதும்போது, கீழே படிந்த இவையெல்லாம் மீண்டும் மூச்சு மட்டத்திற்கு எழும்புகின்றன. ஆகவே ஊதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நீரால் நனைத்தே அகற்ற வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி ஆகியவை வேண்டும்.

பயன்படுத்துவோரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேடு உண்டு. கஞ்சாப் பூவின்மேல் உள்ள பிசின் சுரப்பிகள் ஒட்டும் தன்மை உடையவை என்பதால், விழுந்த சாம்பல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிசினில் புதைந்ததை நீர் முழுவதும் எடுத்துவிடாது. அதைக் கொளுத்திப் புகைப்பவர், புகையோடு அந்த மாசையும் இழுக்கிறார். முற்றிய அடர்ந்த பூவை நனைத்து, விரைவில் உலர்த்தாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு, குறிப்பாகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு, அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலில் உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கலாம். கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு முன் உலோகங்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் ஆய்வகச் சோதனை கட்டாயம். அதில் தேறாத சரக்கு கடைக்குப் போகக்கூடாது. தோட்டத்தில் மிஞ்சிய சாம்பல் படிந்த பூவைத் தொழிலாளர்கள் தாமே எடுத்துப் புகைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. கஞ்சா மூச்சுக்குழாயை விரிக்கும் என்று யாரேனும் அவரிடம் சொல்லக்கூடும். அந்த விளைவு சிறிது நேரத்தில் மறையும், புகையின் எரிச்சலோ நீடிக்கும். ஆஸ்துமா உள்ளவர் அதைப் புகைக்கவே கூடாது. ஊருக்கு வரும்போது அதில் துளியும் பையில் இருக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது.

குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வேலை உடையோடும் காலணியோடும் அவர் நுழையக்கூடாது. பண்ணையிலேயே மாற்றிவிட்டு, வந்ததும் குளிக்க வேண்டும். சன்னல்களை மூடி, குழந்தை தூங்கும் ஓர் அறையிலாவது நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுத் தூய்மைக் கருவியை ஓடவிடலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு என்95 பொருந்தாது. புகை மிகுந்தால், காற்று நன்றாக உள்ள ஊருக்குத் தாயும் சேயும் சில நாள் போயிருப்பதே நல்லது.

மிளகுப் பால் தொண்டைக்கு இதம் தரும், குடிக்கட்டும். அது இரைப்பைக்குப் போகிறது. காற்றறைக்குள் படிந்த துகளை அதனால் கழுவ முடியாது. ஆவி பிடிப்பது சிலருக்கு இழுப்பைக் கூட்டும் என்பதால் அதை வற்புறுத்த வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, இன்ஹேலர் அடித்தும் குறையாமல் இருந்தாலோ, நான்கு மணி நேரத்திற்குள் மீண்டும் தேவைப்பட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அரைமயக்கம் வந்தாலோ, அவர் தாமே வண்டி ஓட்டிச் செல்லாமல் அங்குள்ள அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும். மருமகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள், ஏனெனில் அந்த நேரத்தில் அவரால் பேச முடியாமல் போகலாம்.