கெட்டுப்போகாத மீனின் கணக்கு

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் மீன் வாங்கி தூத்துக்குடிக்கு ஏற்றி அனுப்புகிற இடத்தில் நாலு வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு வந்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு. ஐஸ் வண்டி வராவிட்டால் அங்கேயே காத்துக்கிடப்பேன். ஒரு நாள் லீவு போட்டதில்லை. என் லோடு பெரிதாகத் திரும்பி வந்ததும் இல்லை. எனக்குப் பின்னால் சேர்ந்த பையனுக்கு மூவாயிரம் ஏற்றிய முதலாளி எனக்கு ஆயிரம்தான் ஏற்றினார். அவன் நாள் முழுக்க போன் போட்டு ஜால்ரா அடிப்பவன். என் மதிப்பை நான் எப்படி நிரூபிப்பது? இங்கிலீஷ் படித்தால் மரியாதை வருமா? மச்சான் கத்தாருக்குக் கூப்பிடுகிறார், போய்விடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஐஸைப் பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரை ஒன்று பாதியில் கிடக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். பதினாறு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஐஸ் வண்டிக்காகக் காத்துக்கிடந்த நேரமும் சேர்த்தி. காத்துக்கிடந்ததை உழைப்பு என்று நீங்கள் எழுதலாம், முதலாளியின் கணக்கில் அது மீன் வெயிலில் கிடந்த நேரம். அந்தப் பையன் போன் போடுகிறான் என்று எரிச்சல்படுகிறீர்கள். அவன் போனில் என்ன சொல்கிறான் என்று என்றாவது காதுகொடுத்தீர்களா? வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை கிரேட், அதாவது மீன் பெட்டி, ஏறியது என்று சொல்கிறான் என்றால் அதற்குப் பெயர் ஜால்ரா இல்லை, தகவல். வெறும் புகழ்ச்சிதான் என்றால் அவனை விட்டுவிடுங்கள். இங்கிலீஷ் விஷயத்தையும் தள்ளி வையுங்கள். சீலா மீனுக்கு இங்கிலீஷ் தெரியாது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு வரிதான்: ‘என் லோடு பெரிதாகத் திரும்பி வந்ததும் இல்லை.’ இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நாலு வருட மதிப்பும் இந்த வரிக்குள்தான் இருக்கிறது. ஆனால் கெட்டுப்போன மீன் நாறும், எல்லாருக்கும் தெரியும். கெட்டுப்போகாத மீன் தன்பாட்டுக்கு விற்றுப்போகும். அதைக் காப்பாற்றியவன் யார் என்று எந்த ரசீதிலும் வராது. ‘பெரிதாக’ என்றால் எவ்வளவு? அதற்கு உங்களிடம் எண் இல்லை. அதனால் முதலாளியிடமும் இல்லை.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மீன், வாங்கிய எடை, எடைபோட்ட நேரம், போட்ட ஐஸ், வண்டி கிளம்பிய நேரம், தூத்துக்குடியில் இறக்கிய எடை, தரம் குறைத்து எடுத்த கிரேட் எத்தனை, காரணம். ஒன்பது கட்டம் போதும். ஜெல் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் ஓடிவிடும். பென்சில் நிற்கும். அந்தந்த நேரத்தில் எழுதுங்கள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லா எடையும் 400, 350, 200 என்று முழுசாக வரும். அதைப் பார்த்ததுமே விவரம் தெரிந்த முதலாளி நோட்டை மூடிவிடுவார். செதில் ஒட்டிய நோட்டுக்குத்தான் மரியாதை.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். ஆர்வத்தில் மறுநாளே ஐஸைக் கூட்டிவிடுவார்கள். பிறகு சேதம் குறைந்தால் எதிலிருந்து குறைந்தது என்று காட்ட முன்கணக்கு இருக்காது. இப்போது எவ்வளவு போகிறது என்பதை முதலில் பிடியுங்கள். உதாரணத்துக்கு 412 கிலோ வாங்கி 401 கிலோ இறங்கினால் 11 கிலோ போயிற்று. கிலோ 300 ரூபாய் என்றால் ஒரே லோடில் 3,300 ரூபாய். முதலாளி உங்களுக்கு ஏற்றிய மாதச் சம்பளம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த 11 கிலோவில் ஒரு பகுதி பொய்யாகவும் இருக்கும். தராசின் நாலு மூலையிலும் நடுவிலும் தெரிந்த எடைக்கல்லை வைத்துக் காலையில் பாருங்கள். ஈரக் கிரேட்டும் காய்ந்த கிரேட்டும் ஒரே எடை இருக்காது, ‘கிரேட்டுக்கு இரண்டு கிலோ கழி’ என்ற வாய்க்கணக்கை விடுங்கள். கழுவிய மீனைத் தண்ணீர் சொட்டச் சொட்ட எடைபோட்டால் அந்தத் தண்ணீரையும் மீன் விலைக்கு வாங்குகிறீர்கள். ஐந்து நிமிடம் வடியவிட்டுப் போடுங்கள், தினமும் அதே ஐந்து நிமிடம். குறைந்த எடையைச் சரிக்கட்ட மீனைத் தண்ணீரில் ஊறவைக்கும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம். தூத்துக்குடியில் வடியவைத்ததும் குட்டு வெளியே வந்துவிடும், உங்கள் நோட்டும் அதோடு போய்விடும்.

இனி ஐஸ். ஒரு கிலோ மீன் 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு வர சுமார் 300 கிராம் ஐஸ் போதும். காகிதக் கணக்கு அவ்வளவுதான். அப்படியானால் கிலோவுக்குக் கிலோ ஐஸ் ஏன் போடச் சொல்கிறார்கள்? மிச்சம் 700 கிராம் மீனுக்கு இல்லை. ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் அடிக்கிற வெயிலுக்கு, கிரேட்டின் சுவருக்கு, வண்டிக் கதவைத் திறந்து திறந்து மூடுகிறவனுக்கு. நல்ல காப்புப் பெட்டியில் அடைத்தால் குறைவான ஐஸ் போதும், திறந்த கிரேட்டில் சரிக்குச் சரியும் பத்தாது. ஆகவே ‘எத்தனை பார் ஐஸ் போட்டேன்’ என்பது அரைப் பதில்தான். பாரையும் எடைபோட்டுப் பாருங்கள், ஐம்பது கிலோ என்று பில் போட்ட பார் உங்கள் கைக்கு வரும்போது எவ்வளவு இருக்கிறது என்று. வண்டி தாமதமானால் அங்கே உருகுவது உங்கள் காசு.

உடைக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கொட்டைப்பாக்கு அளவுக்கு உடையுங்கள். தேங்காய் மூடி அளவில் போட்டால் இடையில் காற்று நிற்கும், கட்டியின் முனை குத்தி வயிறு கிழியும். அடியில் நாலு விரல் அகலத்துக்கு உயரமாக ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், உச்சியிலும் கனமாக ஐஸ். மேலே மட்டும் கொட்டி அழகாக அனுப்புகிற பெட்டியில் அடிமீன் வெந்துபோய்க் கிடக்கும். அடித்துளை அடைபடக் கூடாது, உருகிய தண்ணீர் ரத்தத்தோடு தேங்கினால் கீழ்வரிசை அதில் ஊறும். கணவாயை மட்டும் பாலித்தீன் தாள் போட்டுப் பிரித்து வையுங்கள், ஐஸ் தண்ணீர் நேராகப் பட்டால் நிறம் வெளுத்துவிடும். இறாலுக்கு நேரம்தான் எமன், தாமதித்தால் தலை கறுக்கும். சூரையைச் சூட்டில் போட்டுவைத்தால் அதில் ஊறும் ஹிஸ்டமின் என்ற நச்சு பிறகு ஐஸ் போட்டாலும் போகாது, சமைத்தாலும் போகாது.

குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறியுங்கள். மேல் கிரேட்டில் குத்தாதீர்கள். நடு வரிசையில், நடு கிரேட்டில், மீனின் தடித்த சதையில், நடுமுள்ளை ஒட்டிக் குத்துங்கள். ஐஸில் குத்தி எண் எழுதுவது உங்களையே ஏமாற்றிக்கொள்வது.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்த இரண்டு வாரம் முடிந்ததும் உடைக்கும் அளவு, அது பிடிபட்டதும் அடுக்கும் முறை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று உங்களுக்கே தெரியாது. ஒப்பிடும்போதும் கவனம். பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற முறை. விசைப்படகு நாள் லோடை விசைப்படகு நாள் லோடோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடைக்காலம். மே மாதக் கணக்கையும் ஜூலை மாதக் கணக்கையும் பக்கத்தில் வைத்து ‘பாருங்கள் முதலாளி’ என்றால் அவர் சிரிப்பார். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் நடந்ததை வாடைக்காலத்து எண்ணோடு கோர்க்காதீர்கள்.

தவறிய லோடையும் எழுதுங்கள். ‘டிரைவர் தாமதம்’ என்று ஐந்து தரம் எழுதியவர் ஒரு தரமாவது ‘துளை அடைத்திருந்ததை நான் பார்க்கவில்லை’ என்றும் எழுத வேண்டும். அப்போதுதான் மற்ற ஐந்தை நம்புவார்கள். ஐஸ் உடைப்பவர், மீன் தரம் பிரிக்கும் அம்மாக்கள், இவர்கள் சொல்லி நடந்த திருத்தத்தை அவர்கள் பெயரிலேயே எழுதுங்கள்.

ஏலம் நடக்கும்போது முதலாளியிடம் நீட்டாதீர்கள். படகு போகாத நாளில், மாதம் ஒரு தரம், ஒரே தாள். முன்பு லோடுக்கு இவ்வளவு போனது, இப்போது இவ்வளவு, என்ன செய்தோம். சம்பளத்தை அன்றைக்கே கேட்காதீர்கள். இரண்டாவது தாளோடு கேளுங்கள், தயங்காமல் தொகையைச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் கைவிரித்தால் அது உங்கள் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அந்தக் கடையைப் பற்றிய தகவல்.

கத்தாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மச்சான் சொல்லும் வேலை என்ன, விசா எதற்கு என்று கடிதத்தில் ஒன்றும் இல்லையே. அதைக் கேட்டு எழுதுங்கள். அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும், நோட்டின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ரேட் ஏதாவது எழுதியிருந்தால் அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள், அது முதலாளியின் சொத்து.