முதலாண்டு மாணவர்களிடம் என்ன பேசுவது?

அன்புள்ள ஐயா,

ஓர் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் நிகழ்ச்சியில் பதினைந்து நிமிடம் பேசும்படி முதல்வர் சொல்லியிருக்கிறார். லட்சியம், தன்னம்பிக்கை பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும் என்றார். சென்ற ஆண்டு வந்த சிறப்பு விருந்தினரும் அதைத்தான் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் முதல் பருவம் முடிவதற்குள் என் வகுப்பில் சிலர் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டார்கள். பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆள். அவர்களிடம் என்ன பேசினால் உதவியாக இருக்கும்?

ம.

அன்புள்ள ம.,

நின்றுவிட்ட பிள்ளைகளை மனத்தில் வைத்து இந்தப் பேச்சை யோசிக்கிறீர்கள். அதற்காகவே உங்களை வணங்கத் தோன்றுகிறது.

லட்சியத்தை விட்டுவிடுங்கள். விடியற்காலையில் எழுந்து, இரண்டு பஸ் மாறி, கலந்தாய்வு வரிசையில் நின்று இடம் வாங்கிய பிள்ளைக்கு அது நிறையவே இருக்கிறது. கல்லூரி எப்படி நடக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அண்ணனோ சித்தியோ கல்லூரியில் படித்த வீட்டில் இவையெல்லாம் சாப்பிடும்போது காதில் விழுந்துவிடும். மற்ற வீடுகளில் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் அரியரை, அதாவது தேறாமல் நிலுவையில் நிற்கும் தாளைப் பற்றிச் சொல்லுங்கள். ‘ஃபெயில்’ என்றால் ஆண்டே போயிற்று என்ற நினைப்போடுதான் பள்ளியிலிருந்து பலர் வருகிறார்கள். முதல் பருவத் தேர்வில் ஆங்கிலத் தாளோ துணைப்பாடத் தாளோ போய்விட்டால், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டிலும் அப்படியே நினைக்கிறார்கள். “உனக்குப் படிப்பு வராது, கம்பெனி வேலைக்குப் போ” என்று அப்பா சொல்லிவிட்டால் அதை எதிர்த்துச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு விவரம் தெரியாது. ஒரு தாள் போனாலும் அடுத்த பருவத்துக்குப் போகலாம், போன தாளைப் பிறகு எழுதித் தேறலாம் என்ற செய்தி முதல் நாளே காதில் விழ வேண்டும். இரண்டு முறை சொல்லுங்கள். பெற்றோர் வந்திருந்தால் அவர்களைப் பார்த்தும் சொல்லுங்கள்.

அடுத்தது அகமதிப்பெண். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நூற்றுக்கு 25 மதிப்பெண் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது, தேர்வுக்கு 75. பொதுத்தேர்வுக்குக் கடைசி இரண்டு மாதம் உட்கார்ந்து படித்துப் பழகியவர்கள் இங்கும் அப்படியே இருந்துவிடுகிறார்கள். தேர்வறைக்குள் நுழையும்போது கால்பங்கு கைநழுவிப் போயிருக்கும். வருகைப்பதிவும் இப்படித்தான். 75 விழுக்காடு வேண்டும் என்று விதி. தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடை வேலைக்கு ஒரு மாதம் போய்வந்த பையனுக்கு, தேர்வெழுத முடியாது என்ற செய்தி அறிவிப்புப் பலகையில்தான் தெரியவருகிறது. அவன் ஊர் சுற்றவில்லை, வீட்டுக்குப் பணம் கொடுத்தான். எத்தனை நாள் போகலாம், எதற்கு மேல் போகக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தால் கணக்குப் பார்த்துப் போயிருப்பான்.

நூலகத்துக்கு நீங்களே அழைத்துப் போங்கள். ஒரு கல்லூரி நூலக வாசலில் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போகலாமா, யாரிடமாவது கேட்க வேண்டுமா, காசு கட்ட வேண்டுமா என்று எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே நூலகர் இருந்தார், நாற்காலிகள் காலியாக இருந்தன. அடையாள அட்டையைக் காட்டி ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று சொன்னபோது, தவறிப்போனால் என்ன செய்வார்கள் என்றுதான் முதலில் கேட்டான். தேதி முத்திரை குத்திய ஒரு புத்தகம் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவர் கைக்கும் போய்விட்டால், மறுமுறை அவர்கள் தயங்காமல் உள்ளே போவார்கள்.

தமிழ்வழியில் படித்து இயற்பியலும் விலங்கியலும் எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே வாயடைத்துப் போகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலவழிப் பாடமாக இருந்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் இப்போது என்ன விதி என்று விசாரித்துவிட்டு மேடையேறுங்கள்.

உதவித்தொகை விவரங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம். பேசி நேரத்தைச் செலவிட வேண்டாம். புதுமைப்பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் மாணவர்களின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆதார் இணைப்பில் சிக்கல் என்றால் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

ராகிங் பற்றிச் சொல்லத் தயங்காதீர்கள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் இதற்கானதுதான். நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அது எதற்கு என்று தெரியாமல் போன அம்மாக்கள் அநேகம். 1800-180-5522 என்ற இலவச எண்ணைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரையும் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். உங்கள் மூத்த மாணவர்களில் நல்லவர்கள் நாலு பேரை அழைத்து, புதியவர்களுக்கு வகுப்பறைகளைக் காட்டும் பொறுப்பையும் கொடுங்கள். ‘அண்ணா’, ‘அக்கா’ என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் புது இடத்தின் பயம் பாதி குறைந்துவிடும்.

இவ்வளவையும் பதினைந்து நிமிடத்தில் சொல்ல முடியாதுதான். புது மாணவர்களுக்கான அறிமுகப் பயிற்சிக்கு மானியக் குழுவே 2019இல் ‘தீட்சாரம்ப்’ என்ற பெயரில் வழிகாட்டி வெளியிட்டது. அதை முதல்வரிடம் காட்டி, முதல் இரண்டு வாரம் தினமும் அரை மணி நேரம் உங்கள் துறைக்கு மட்டும் கேளுங்கள். விழா மேடையில் அரியரும் வருகைப்பதிவும் போதும். மற்றவற்றை வகுப்பறையில், ஒலிபெருக்கி இல்லாமல், அவர்கள் குறுக்கிட்டுக் கேட்கும்படி பேசுங்கள்.

யாராவது தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் அன்று மாலையே அவர் வீட்டுக்குப் பேசுங்கள். சென்ற ஆண்டு நின்றுபோனவர்களின் எண்கள் உங்களிடம் இருக்கும் அல்லவா? அவர்களையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். மீண்டும் சேர வழி இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு அழையுங்கள்.